பழ உணவும் உடற்பயிற்சியும்: கார்போஹைட்ரேட்டை அளந்து, அரைத்து, நேரம் பார்த்து எடுத்த அனுபவம்

பழங்களை முதன்மை உணவாகக் கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்பவரிடம் எல்லோரும் கேட்பது, அதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான். பழத்தில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை என்பதால் சக்திக்கும் பஞ்சமிருக்காது என்று நான் நம்பினேன். இன்றும் அப்படியே நம்புகிறேன். ஆனால் அந்தச் சர்க்கரையோடு சேர்ந்து வரும் தண்ணீரும் நார்ச்சத்தும் வயிற்றில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன, இரைப்பையை விட்டு வெளியேற எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன என்பதைக் கணக்கில் வைக்காமல், கையில் கிடைத்த பழத்தைத் தின்றுவிட்டு ஓடத் தொடங்கினால், சக்தி வருவதற்கு முன் வயிற்றுப் பொருமல்தான் வரும். எந்தப் பழம் நல்லது என்று கேட்பதைவிட, பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் முன்னதாக எந்தப் பழம், நடுவில் எது, முடிந்த பிறகு எது என்று கேட்பதே பயன் தரும். அந்தக் கேள்விக்கு எடைத்தராசையும் வடிகட்டியையும் வைத்துக்கொண்டு நான் தேடிக்கொண்ட விடைகளை இங்கே பதிகிறேன்.

என் உடல் எடை 60 கிலோ. பெரும்பாலான நாட்களில் ஒரு மணி நேர ஓட்டமோ எடைப் பயிற்சியோ செய்வேன். வாரக் கடைசியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டுவேன். உணவில் பெரும்பகுதி பழம். மீதி பருப்பு வகைகள், கொட்டைகள், கீரை, காய்கள். பழத்தை மட்டுமே உண்ணும் கடுமையான முறையை நான் பின்பற்றவில்லை, பரிந்துரைக்கவும் மாட்டேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு தேவை எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குகிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போல மிதமான தீவிரத்தில் பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் கார்போஹைட்ரேட் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. எனக்கு அது 300 முதல் 420 கிராம். இந்தக் கார்போஹைட்ரேட்டை உடல் கிளைக்கோஜனாக மாற்றித் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும்தான் இடமுண்டு. கடுமையான பயிற்சி தொடர்ந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் இந்தச் சேமிப்பு வெகுவாகக் கரைந்துவிடும். உண்ணும் உணவுக்கும் இந்தச் சேமிப்புக்கும் உள்ள தொடர்பைத் துலக்கிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 1966-இல் ஸ்வீடன் ஆய்வாளர்களான யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹுல்ட்மனும் தங்கள் உடல்களிலேயே நடத்திப் பார்த்தது. ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்து, அந்தக் காலின் கிளைக்கோஜனைக் காலி செய்துவிட்டு, அடுத்த சில நாட்கள் கார்போஹைட்ரேட் மிகுந்த உணவை உண்டார்கள். உழைத்த காலில் சேர்ந்த கிளைக்கோஜன், ஓய்வாக இருந்த காலில் இருந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. ஒரே உடல், ஒரே உணவு. உழைத்த தசைதான் கூடுதலாக வாங்கிச் சேமித்தது. பயிற்சிக்குப் பிறகு எதை உண்கிறோம் என்பதில் கவனம் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்தது தராசு. இந்த வேலைக்கு மிகவும் உதவிய கருவி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எடைத்தராசுதான். பழத்தைத் தோலும் கொட்டையும் நீக்கிய பிறகே எடை போட வேண்டும். வாழைப்பழத்தில் தோல் மட்டும் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 100 கிராம் சதைப்பகுதியில் உள்ள கார்போஹைட்ரேட் வாழைப்பழத்தில் சுமார் 23 கிராம், திராட்சையில் 18, மாம்பழத்தில் 15, ஆப்பிளில் 14, அன்னாசியில் 13, ஆரஞ்சில் 12, தர்ப்பூசணியில் ஏழரை. உலர்ந்த பழங்களில் நிலைமை தலைகீழ்: பேரீச்சையில் சுமார் 75 கிராம், உலர்திராட்சையில் 79 கிராம். இந்த எண்களில் நார்ச்சத்தும் அடங்கும் என்பதால், உடலுக்குச் சக்தியாகப் பயன்படுவது இவற்றைவிடச் சற்றுக் குறைவு.

எண்களாகப் படிக்கும்போது பெரிதாகத் தெரியாத வேறுபாடு, தட்டில் எடுத்து வைக்கும்போது நன்றாகவே புரிந்துவிடும். ஒரு நாளில் 250 கிராம் கார்போஹைட்ரேட்டைப் பழத்திலிருந்து எடுக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். தோல் நீக்கிய வாழைப்பழம் அரைக் கிலோ, திராட்சை 400 கிராம், பேரீச்சை 100 கிராம் என்று எடுத்தால் அந்த அளவைத் தாண்டிவிடலாம். ஒரு நாளின் உணவுகளில் பிரித்துச் சாப்பிட எந்தச் சிரமமும் இல்லை. அதே 250 கிராமைத் தர்ப்பூசணியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமானால் தோல் நீக்கிய சதை மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். பழ உணவுக்கு மாறியபின் பயிற்சியில் சோர்ந்து போகிறேன் என்று சொல்பவர்களின் தட்டைக் கவனித்தால், பெரும்பாலும் தர்ப்பூசணி, பப்பாளி, ஆரஞ்சு போன்ற நீர் நிறைந்த பழங்களே அதில் இருக்கும். வயிறு நிறைந்துவிடுகிறது, ஆனால் தேவையான சக்தியில் பாதிகூட உள்ளே போவதில்லை. பழ உணவின்மேல் சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி இந்தக் கணக்குக் குறைவிலிருந்து பிறப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வாழைப்பழத்தில் பழுத்த பதம் மிக முக்கியம். பச்சைக் காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டார்ச் இருக்கும். நன்றாகப் பழுக்கும்போது அது ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைந்து, மற்றதெல்லாம் சர்க்கரையாக மாறிவிடும். காயில் உள்ள ஸ்டார்ச்சில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. குடல் நலத்துக்கு அது நல்லது, ஆனால் ஓடும்போது வாயு உண்டாக்குவதும் அதுதான். ஆகவே காம்பில் பச்சை மாறாத பழத்தைப் பயிற்சி இல்லாத நேரத்துக்கு ஒதுக்கிவிட்டு, தோலில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, விரலால் அழுத்தினால் குழையும் பழத்தையே பயிற்சிக்கு முன் எடுக்கிறேன். புள்ளி விழுந்த பழங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் தோலை உரித்துத் துண்டுகளாக்கி உறைய வைத்துவிடலாம்; அரைத்துக் குடிப்பதற்கு அவை மிகவும் ஏற்றவை.

பயிற்சிக்கு முந்தைய உணவில் நேரமே அளவைத் தீர்மானிக்கிறது. ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் முன்பு, உடல் எடையின் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் என்பது பொதுவான வழிகாட்டுதல். நேரம் எவ்வளவு முன்னதோ அவ்வளவு அதிகம் உண்ணலாம். மூன்று மணி நேரம் இருந்தால் மாம்பழமோ வாழைப்பழமோ நாரோடு நிறைவாகச் சாப்பிடுகிறேன். ஒரு மணி நேரமே இருந்தால் 60 கிராம் கார்போஹைட்ரேட் போதும். அது தோல் நீக்கிய வாழைப்பழம் 200 கிராமும் இரண்டு மூன்று பேரீச்சையும். அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு முன் சர்க்கரை மிகுந்ததை உண்டால், சிலருக்குப் பயிற்சியின் தொடக்கத்தில் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலை லேசாகிவிடும். இன்சுலின் ஏறியிருக்கும் நேரத்தில் தசைகளும் சர்க்கரையை இழுக்கத் தொடங்குவதே காரணம். பெரும்பாலோருக்கு இதனால் செயல்திறன் குறைவதில்லை. ஆனாலும் அந்த உணர்வு வருபவர்கள், உண்பதை இன்னும் முன்னதாக வைத்துக்கொள்ளலாம், அல்லது பயிற்சி தொடங்குவதற்கு ஐந்து, பத்து நிமிடம் முன்பாக வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது வழியில் இருக்கிறேன். உடலைச் சூடாக்கும் பயிற்சியின் முடிவில் இரண்டு பேரீச்சை, இரண்டு மடக்குத் தண்ணீர்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு நடுவில் எதுவும் உண்ணத் தேவையில்லை. எடைப் பயிற்சியும் அப்படித்தான். ஒரு முழு அமர்வில் உழைக்கும் தசைகளின் கிளைக்கோஜன் ஏறத்தாழ 25 முதல் 40 சதவீதம் குறையும் என்றாலும், முன்னதாக நன்றாக உண்டிருந்தால் அது தாங்கும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் சைக்கிள் ஓட்டத்தில்தான் கதை மாறுகிறது. மணிக்கு 30 முதல் 60 கிராம் வேண்டும், அதுவும் குலுங்கிக்கொண்டே, ஒரு கையால் எடுத்து விழுங்கக்கூடிய வடிவில் வேண்டும். முழு வாழைப்பழம் இதற்கு உதவாது என்று சொல்ல முடியாது. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற 14 சைக்கிள் வீரர்கள் 75 கிலோமீட்டர் தூரத்தை ஒருமுறை வாழைப்பழத்தோடும் மற்றொரு முறை கார்போஹைட்ரேட் பானத்தோடும் ஓட்டினார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எடையின் கிலோவுக்கு 0.2 கிராம் என்ற ஒரே அளவில் இரண்டையும் எடுத்துக்கொண்டபோது, செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாழைப்பழம் உண்டபோது வயிறு நிறைந்த உணர்வும் உப்புசமும் கூடுதலாக இருந்தன. என் எடைக்கு அந்த அளவு மணிக்கு 48 கிராம், அதாவது ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு நடுத்தரப் பழங்கள். முதல் மணி நேரத்தில் அது சுகமாகவே இறங்குகிறது. அதற்குப் பிறகு மென்று விழுங்குவதே ஒரு வேலையாகிவிடுகிறது. எனவே பேரீச்சை விழுதுக்கு வந்தேன்.

விழுது செய்யும் முறை இது. மெட்ஜூல் போன்ற சதைப்பற்றுள்ள மென்மையான பேரீச்சை, கொட்டை நீக்கி 100 கிராம். அதன் மேல் 100 மில்லி வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். ஊறிய பழத்தை இரு விரல்களுக்கு நடுவில் பிதுக்கினால், மெழுகுத்தாள் போன்ற மெல்லிய தோல் கையோடு கழன்றுவிடும்; இந்தத் தோல்தான் பிற்பாடு குடுவையின் வாயை அடைப்பது, ஆகவே பொறுமையாக உரித்து எடுப்பது நல்லது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிடக் கூடாது, கரைந்த சர்க்கரை அதில் இருக்கிறது. பழம், நீர், ஒரு கிராம் உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் மைய அரைத்து, கம்பி வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து இறக்க வேண்டும். வடிகட்டியில் ஒரு தேக்கரண்டி அளவு பழுப்பு நிறச் சக்கை தங்கும். கீழே இறங்கிய விழுது தேனைவிடச் சற்று இளக்கமாக இருக்கும். கரண்டியைத் தூக்கினால் பட்டையாக விழுந்து, மேற்பரப்பில் சில நொடிகள் கோடாக நின்று பிறகு மறைய வேண்டும். கோடு மறையாமல் நின்றால் இன்னும் இரண்டு தேக்கரண்டி நீர் தேவை.

இப்படிக் கிடைக்கும் சுமார் 180 கிராம் விழுதில் ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரை இருக்கும். மூன்று கிராம் விழுதுக்கு ஒரு கிராம் சர்க்கரை என்று நினைவில் வைத்துக்கொண்டால் ஓட்டத்தின் நடுவில் கணக்குப் போட வேண்டியதில்லை. பிதுக்கிக் குடிக்கும் மெல்லிய குடுவையில் அதை நிரப்பி, வெளிப்புறத்தில் 45 கிராமுக்கு ஒரு கோடாக அழியாத மையால் குறித்திருக்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒரு கோடு, அதாவது 15 கிராம் சர்க்கரை. மணிக்கு 45 கிராம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் நாலைந்து மடக்குத் தண்ணீர் சேர்ந்தே போக வேண்டும், இல்லாவிட்டால் அடர்த்தியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைப் புரட்டும். பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் இருபதாவது நிமிடத்திலேயே தொடங்கிவிட வேண்டும். விழுதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாட்களுக்குள் தீர்ப்பதும், குடுவையைத் திரும்பி வந்தவுடன் வெந்நீரில் கழுவிக் கவிழ்ப்பதும் அவசியம். சர்க்கரையும் ஈரமும் தங்கிய இடத்தில் நொதித்தல் விரைவாகத் தொடங்கும்.

வெயில் கடுமையான நாட்களில் விழுதைவிடத் திராட்சைச் சாறு பொருத்தமாக இருக்கிறது. சர்க்கரை சேர்க்காத திராட்சைச் சாற்றில் சுமார் 15 சதவீதம் கார்போஹைட்ரேட் உண்டு. சரிபாதி நீர் கலந்தால் அது ஏழரை சதவீதமாகிறது. இரைப்பையிலிருந்து தடையின்றி இறங்கும் என்று விளையாட்டுப் பானங்களுக்குச் சொல்லப்படும் 6 முதல் 8 சதவீத வரம்புக்குள் இது அழகாக அமைந்துவிடுகிறது. கால் லிட்டர் சாறும் கால் லிட்டர் நீரும் அரை கிராம் உப்பும் கலந்த அரை லிட்டரில் சுமார் 37 கிராம் கார்போஹைட்ரேட் கிடைக்கும். தர்ப்பூசணிச் சாறு எதையும் கலக்காமலேயே 6 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்றாலும், அதில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம் என்பதால் ஓட்டத்தின் நடுவில் நான் அதை எடுப்பதில்லை.

குளுக்கோஸ்–ஃபிரக்டோஸ் விகிதம் பழ உணவில் இருப்பவர்கள் அறிந்தே ஆக வேண்டியது. சிறுகுடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்பட ஒரு வாசலும் ஃபிரக்டோஸுக்கு வேறொரு வாசலும் உண்டு. குளுக்கோஸின் வாசல் மணிக்கு சுமார் 60 கிராமோடு நிரம்பிவிடும். இரண்டாவது வாசலையும் சேர்த்துப் பயன்படுத்தினால் மணிக்கு 90 கிராம் வரை போகலாம் என்பது இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட போட்டிகளுக்கான வழிகாட்டுதல். பழத்தில் இரண்டு சர்க்கரையும் இயல்பாகவே கலந்திருப்பது பெரும் வசதி. ஆனால் ஃபிரக்டோஸ் தனித்து மிகும்போது உறிஞ்சப்படாமல் தங்கி வயிற்றுப்போக்கில் முடியும். திராட்சையிலும் பேரீச்சையிலும் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆப்பிளிலும் பேரிக்காயிலும் ஃபிரக்டோஸ் குளுக்கோஸைப்போல இரு மடங்குக்கு மேல், அதோடு எளிதில் உறிஞ்சப்படாத சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் சேர்ந்திருக்கிறது. அதனால் இந்த இரண்டு பழங்களும் என் பட்டியலில் ஓய்வு நாளுக்கும் மாலை உணவுக்கும் உரியவை. உலர்ந்த பிளம் பழத்தையும் பயிற்சிக்கு முன் தொடக் கூடாது. மலச்சிக்கலுக்கு அதைக் கொடுப்பதற்கும் இதே சார்பிட்டால்தான் முக்கியமான காரணம். குடலும் பழக்கத்துக்கு வசப்படுவதுதான்; மணிக்கு 30 கிராமில் தொடங்கி, சில வாரங்களில் 45, பிறகு 60 என்று உயர்த்தினால் முன்பு தாங்காத அளவையும் தாங்கத் தொடங்குகிறது.

உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தசைப்பிடிப்புக்கு வாழைப்பழத்தின் பொட்டாசியம் மருந்து என்ற நம்பிக்கை வலுவாக ஊன்றியிருக்கிறது. ஆனால் வியர்வையில் நாம் பெருமளவில் இழப்பது சோடியம்தான், பொட்டாசியம் அதில் மிகச் சிறிய பகுதி. 100 கிராம் வாழைப்பழத்தில் பொட்டாசியம் 358 மில்லிகிராம், சோடியம் ஒரே ஒரு மில்லிகிராம். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் மாறுபட்டு அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் போகும். பழ உணவில் சமைத்த பண்டங்கள் குறைந்து உப்பும் தானாகவே குறைந்துவிடுவதால், நீண்ட பயிற்சியில் இதை வெளியிலிருந்து சேர்த்தே ஆக வேண்டும். ஒரு கிராம் சமையல் உப்பில் சுமார் 390 மில்லிகிராம் சோடியம் உண்டு. விழுதிலும் சாற்றிலும் உப்புச் சேர்ப்பது இதற்காகத்தான், சுவைக்காக அல்ல. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

பயிற்சி முடிந்த பிறகு அவசரப்பட வேண்டுமா என்பது அடுத்த பயிற்சி எப்போது என்பதைப் பொறுத்தது. மறுநாள்தான் என்றால் வழக்கமான உணவே கிளைக்கோஜனை நிரப்பிவிடும். எட்டு மணி நேரத்துக்குள் இன்னொரு அமர்வு இருந்தால் மட்டும், முதல் நான்கு மணி நேரமும் மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று எடுக்க வேண்டும். எனக்கு அது மணிக்கு 60 முதல் 72 கிராம், பழுத்த வாழைப்பழமும் பேரீச்சையும் அரைத்த பானமாக. பழத்தின் ஃபிரக்டோஸ் முதன்மையாகக் கல்லீரலின் சேமிப்பையும், குளுக்கோஸ் தசைகளின் சேமிப்பையும் நிரப்புகின்றன.

பழத்தால் தர முடியாதது புரதம். 2000 கலோரிக்கு வாழைப்பழம் மட்டுமே உண்டாலும் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 25 கிராம்தான். தொடர்ந்து பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம், அதாவது என் எடைக்குக் குறைந்தது 72 கிராம் வேண்டும். பருப்பு, சோயா, கொட்டைகள் ஆகியவற்றை நான் விடாததற்கு இதுதான் காரணம். பயிற்சிக்குப் பிந்தைய உணவில் 20 கிராம் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வைட்டமின் பி12 பழத்தில் இல்லை, அதைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய சிறுநீரக நோயாளிகளும் இங்கே சொன்ன அளவுகளை மருத்துவ ஆலோசனையின்றித் தொடவே கூடாது.

பற்களுக்கும் ஒரு முறை வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒட்டும் பேரீச்சை விழுதும் புளிப்புச் சாறும் வாயில் படும்போது, வியர்த்து உமிழ்நீரும் வற்றியிருக்கும் நிலையில், பல்லின் எனாமல் அமிலத்துக்கு நேராக ஆளாகிறது. எனவே ஒவ்வொரு முறை விழுது எடுத்த பிறகும் குடிக்கும் தண்ணீரின் முதல் மடக்கை வாய் முழுதும் சுழற்றி விழுங்குகிறேன். வீடு திரும்பியதும் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அமிலத்தால் இளகிய எனாமல் மீண்டும் இறுக அரை மணி நேரம் விட்ட பிறகே பல் துலக்குகிறேன்.